செங்கம் சாலையில் பைன் மரம்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

திருவண்ணாமலை ரமணாசிரமத்து முன்வாசலில் பெரிய இலுப்பை மரம் நிற்கிறது. செங்கம் சாலையோரம் வேம்பும் புங்கையும் நிற்கின்றன. மலையில் உசிலை, வெப்பாலை. பைன், தேவதாரு மாதிரியான ஊசியிலை மரம் எதுவும் இந்த மண்ணில் தானாக முளைப்பதில்லை. ஆனாலும் பைன் மரத்தின் சாறு எரியாத ஒரு நாள்கூட இந்த ஊருக்குக் கிடையாது. அக்னி லிங்கத்து முன்னால், யம லிங்கத்து முன்னால், வீட்டு வாசற்படியில், புது வண்டியின் சக்கரத்தடியில் நாம் ஏற்றும் சூடம் பைன் மரத்திலிருந்து வருகிறது.

இதைச் சொன்னால் ரமண நகரில் என் பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் நம்பவில்லை. கற்பூர மரம் என்று தனியாக ஒன்று இருக்கிறதே என்றார்கள். இருக்கிறது, அது இலவங்கப்பட்டையின் உறவு. சீனாவிலும் தைவானிலும் அந்த மரத்தைச் சீவிக் காய்ச்சித்தான் ஒரு காலத்தில் கற்பூரம் எடுத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பைன் பிசினிலிருந்து எடுக்கும் டர்பன்டைனைக் கற்பூரமாக மாற்றும் வழி தொழிற்சாலைக்கு வந்தது. இமயமலைச் சரிவில் பைன் மரத்தைக் கீறி, வடியும் பாலைக் கிண்ணத்தில் பிடித்துக் காய்ச்சினால் ஆவியாகி வருவது டர்பன்டைன், அடியில் தங்குவது கெட்டிப் பிசின். அந்த டர்பன்டைனில் உள்ள பைனீன் என்ற பொருளைப் படிப்படியாக மாற்றினால் கற்பூரம் கிடைக்கும். இன்று கடையில் கிடைக்கும் பூஜைச் சூடம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. வெளிநாட்டு டர்பன்டைனும் இதற்காகக் கப்பலில் இறங்குகிறது.

பைன், தேவதாரு, துஜா, அராக்கேரியா, சைக்கஸ், ஜின்கோ எல்லாம் ஒரே பெரிய கூட்டம். பள்ளிப் பாடத்தில் ஜிம்னோஸ்பெர்ம் என்று படித்திருப்போம். இவற்றுக்குப் பூ இல்லை, பழம் இல்லை. விதையை மூடும் சூற்பை இல்லாமல் திறந்தபடி விதை உட்கார்ந்திருக்கும். நம் ஊரில் இவை மரமாக நிற்பதைவிடப் பொட்டலமாகவும் டப்பாவாகவும் பலகையாகவும் தொட்டியில் செடியாகவும் வருவதுதான் அதிகம். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஒன்றைக் கையாளும்போது குழந்தைக்கோ நாய்க்கோ மலைக்கோ தீங்கு வந்துவிடுகிறது. அதற்காகத்தான் இந்தப் பட்டியல்.

சூடம்

*செய்ய வேண்டியவை*

சூட டப்பாவை மாத்திரை டப்பா மாதிரி நினைத்து உயரத்தில் வையுங்கள். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் ஒரு வீட்டில், பூஜை அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒன்றரை வயதுக் குழந்தை ஒரு வில்லையை எடுத்து வாயில் போட்டுவிட்டது. வெள்ளையாக, சதுரமாக, கற்கண்டு மாதிரி இருந்தால் குழந்தை என்ன செய்யும்? பாட்டி பார்த்துப் பாதியைத் தோண்டி எடுத்துவிட்டார். இருந்தும் அரை மணி நேரத்துக்குள் கையும் காலும் வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டன. குழந்தை பிழைத்தது. ஒரு கிராம் சூடமே சின்னக் குழந்தையின் உயிரைப் பறிக்கப் போதும் என்பது அந்த வீட்டில் அதுவரை யாருக்கும் தெரியாது.

குழந்தை விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே 108-ஐ அழையுங்கள், அல்லது உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வலிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார நேரமில்லை. டப்பாவையும் கையில் எடுத்துப் போங்கள், மருத்துவர் கேட்பார்.

வாங்கும்போது ஒரு சோதனை. சின்னத் துண்டைத் தண்ணீரில் போடுங்கள். சூடம் மிதக்கும், அந்துருண்டை மூழ்கும். இரண்டும் வெள்ளை, இரண்டும் காற்றில் கரையும், ஒரே கடையில் ஒரே தட்டில் இருக்கும். அந்துருண்டை எரிந்த புகை நெஞ்சுக்குள் போக வேண்டிய புகை அல்ல.

இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவிலோ கண்ணாடிப் புட்டியிலோ வையுங்கள். அம்மா நாலு மிளகு போட்டு வைப்பார். நானும் போடுகிறேன், பழக்கம் விடவில்லை. ஆனால் சூடம் கரையாமல் காப்பது மூடிதான்.

கிரிவலத்தில் லிங்கங்களுக்கு முன்னால் சூடம் ஏற்றவென்று உள்ள இடத்தில் மட்டும் ஏற்றுங்கள். பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கான பேர் 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடக்கிறார்கள். நடைபாதையில் எரிந்து அணைந்த மாதிரித் தெரியும் சூடத்தின் கரிப்படலத்துக்குள் சூடு இருக்கும். பின்னால் வரும் வயதானவரின் உள்ளங்காலுக்கு அது தெரியாது. ஒரு வில்லை போதும், கைப்பிடி நிறையக் கொட்ட வேண்டியதில்லை.

*செய்யக்கூடாதவை*

விழுங்கிய குழந்தையை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த நேரத்தில் வலிப்பு வந்தால் வாந்தி நுரையீரலுக்குள் போகும். பால், எண்ணெய், நெய் எதுவும் புகட்டாதீர்கள்; கொழுப்போடு சேர்ந்தால் சூடம் இன்னும் வேகமாக உடம்பில் ஏறும். நம் வீட்டுப் பெரியவர்களின் கை முதலில் பால் டம்ளரைத்தான் தேடும். அந்தக் கையைப் பிடித்து நிறுத்துவது கஷ்டம், ஆனால் நிறுத்தத்தான் வேண்டும்.

சளி பிடித்த கைக்குழந்தையின் நெஞ்சில் சூடம் காய்ச்சிய தேங்காய் எண்ணெயைத் தடவாதீர்கள். எத்தனையோ தலைமுறையாகச் செய்ததுதான். என் நெஞ்சிலும் தடவியிருக்கிறார்கள். ஆனால் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தோல் வழியாகவும் மூக்கு வழியாகவும் ஏறும் அளவே அதிகம். மூக்கடியில் தடவுவது அதைவிட ஆபத்து. துணியில் முடிந்து கழுத்திலோ தொட்டிலிலோ கட்டுவதும் வேண்டாம்.

பூஜைச் சூடத்தைச் சர்க்கரைப் பொங்கலில் போடாதீர்கள். பச்சைக் கற்பூரம் என்று பிரசாதத்தில் சேர்ப்பது வேறு பொருள், பழைய காலத்தில் சுமத்ராவின் பாருஸ் துறைமுகத்திலிருந்து வந்த சரக்கு. சமையலுக்கு என்று அச்சிட்ட பொட்டலம் இருந்தால் மட்டும் சேருங்கள், அதுவும் கடுகளவு. இல்லாவிட்டால் ஏலக்காயே போதும்.

மலைமேல் சூடமும் தீப்பெட்டியும் கொண்டுபோகாதீர்கள். இதைப் பற்றிக் கடைசியில் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாட்டு மருந்துக் கடையில்

நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்தால் இமயமலையின் பாதி அங்கே சாக்கில் இருக்கும். கேட்டு வாங்கத் தெரிய வேண்டும்.

தேவதாரு கேட்கும்போது எந்தத் தேவதாரு என்று கேளுங்கள். இமயமலையின் தேவதாரு ஊசியிலை மரம், அதன் வைரம் எண்ணெய்ப் பசையோடு மணக்கும். நம் பக்கத்து வறண்ட காடுகளில் தேவதாரம், செம்புளிச்சான் என்று சொல்லும் சிறு மரம் ஒன்று உண்டு; அதன் கட்டையும் சிவந்து மணப்பதால் இதே பெயரில் விற்கிறது. அது பூக்கும் மரம், இதற்கு உறவே இல்லை. ஒன்று நல்லது, மற்றது கெட்டது என்று சொல்ல வரவில்லை. வைத்தியர் எதை நினைத்து எழுதினாரோ அது கைக்கு வர வேண்டும்.

தாலிசபத்திரியில்தான் நான் உண்மையாகப் பயப்படுகிறேன். நூல்கள் சொல்வது இமயமலை ஃபிர் மரத்தின் இலை. அதே பெயரில் சந்தையில் யூ மரத்தின் இலையும் வருகிறது. யூ இலையில் இதயத்தை நிறுத்தும் நஞ்சு இருக்கிறது. காய்ந்து நொறுங்கிய பிறகு இரண்டையும் கண்ணால் பிரிக்க என்னால் முடியாது, கடைக்காரராலும் முடியாது. அதே யூ குடும்பத்து மரப்பட்டையிலிருந்துதான் பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து முதலில் கிடைத்தது. மருத்துவமனையில் மில்லிகிராம் கணக்குப் பார்த்து நரம்பில் ஏற்றுகிற மருந்து அது. அதனால் அந்த இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்கலாம் என்று ஆகிவிடாது.

*ஆகவே செய்ய வேண்டியது:* தாலிசாதி சூரணம் வேண்டுமானால் உரிமம் பெற்ற நிறுவனம் தயாரித்த, தொகுப்பு எண்ணும் தேதியும் உள்ள டப்பாவாக, சித்த மருத்துவரைப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

*செய்யக்கூடாதது:* உதிரி இலையை வாங்கி மிக்ஸியில் அரைப்பது.

மதனகாமப்பூ என்று ஒரு பொருள் சில கடைகளில் தொங்கும். பெயரில்தான் பூ; அது சைக்கஸின் ஆண் கூம்பு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் இயற்கையாக வளரும் ஈந்து என்ற சைக்கஸில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் கூம்பு விரியும் முன்பே வெட்டி எடுத்துவிட்டால் மகரந்தம் இல்லை, பெண் மரத்தின் விதை பொக்கு. மரம் நின்றுகொண்டே இருக்கும், அதன் அடியில் கன்று இருக்காது. அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் உலகப் பட்டியலில் அது சேர்ந்துவிட்டது. ஆண்மை கூடும் என்று சொல்லி விற்கிறார்கள். இன்னொரு சைக்கஸ் திருப்பதி–கடப்பா மலைகளில் மட்டும் வளர்வது. சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெட்டோம் என்பவரின் பெயர் அதற்கு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பெயர் சொல்லிக் காக்கிறது, பன்னாட்டு வணிகமும் தடை. மதனகாமப்பூவை வாங்காதீர்கள். வாங்க ஆள் இல்லாவிட்டால் வெட்டவும் ஆள் இருக்காது.

சாம்பிராணி, குங்கிலியம், குந்திரிக்கம் மூன்றும் ஊசியிலை மரத்துச் சரக்கு அல்ல. ஆனால் விலை மலிவாகக் கிடைக்கும் கட்டியில் பைன் பிசின் கலந்திருக்கும். தணலில் ஒரு துண்டு போட்டுப் பாருங்கள். கறுத்த புகை திரண்டு, பெயிண்ட் கடை மாதிரி மணம் வந்தால் அதுதான். குளித்த குழந்தைக்குத் தலை உலர்த்த அந்தப் புகையைக் காட்டாதீர்கள். பெயிண்ட் கடையில் டர்பன்டைன் என்று தரும் பாட்டிலும் இன்று பெரும்பாலும் பெட்ரோலிய எண்ணெய். அதை மூட்டுவலிக்குத் தேய்க்க வேண்டாம்.

ஜின்கோ மாத்திரை ஞாபக சக்திக்கு என்று வாங்குகிறவர்கள், இரத்தம் உறையாமலிருக்க ஏற்கனவே மாத்திரை சாப்பிட்டால் மருத்துவரிடம் சொல்லாமல் தொடாதீர்கள்.

வாசலிலும் தோட்டத்திலும்

சைக்கஸ் செடியை வாசலின் இருபுறமும் வைப்பது இந்தப் பகுதியில் இப்போது வழக்கமாகிவிட்டது. பார்க்க அழகு, தண்ணீர் அதிகம் கேட்காது. அதன் ஆரஞ்சு நிற விதை மிகக் கொடியது. ஒன்றிரண்டு விதை கடித்த நாயின் கல்லீரல் சில நாளில் கெட்டுவிடும். இலையும் தண்டும் நஞ்சுதான். ஆசிரமத்தைச் சுற்றி எத்தனை நாய்கள், எத்தனை குரங்குகள், மயில்கள்! லட்சுமி என்ற பசுவுக்குச் சமாதி எழுப்பி வணங்கும் இடம் இது.

- பெண் செடி விதை பிடித்தால் பழுக்குமுன் வெட்டி, குழி தோண்டிப் புதையுங்கள். குப்பை மேட்டில் எறியாதீர்கள்.
- தெருவைப் பார்த்த வாசலில் வைக்காதீர்கள், சுற்றுச்சுவருக்கு உள்ளே வையுங்கள். இலைநுனி கண் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.
- கேரளத்தில் ஈந்து விதையை மாவாக்கிச் சாப்பிடுகிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே அதை உலர்த்தி, ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி நஞ்சைப் போக்கும் கைப்பழக்கம் தலைமுறையாக இருக்கிறது. காணொளி பார்த்து நாம் முயற்சி செய்யக் கூடாது. பசிபிக்கில் குவாம் தீவு மக்களிடம் பரவிய நரம்பு நோய்க்குச் சைக்கஸ் மாவுதான் காரணமா என்று அறிவியலாளர்கள் பல பத்தாண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். நம் ஜவ்வரிசி சேலத்து மரவள்ளிக்கிழங்கு. அதில் பயம் வேண்டாம்.

கிறிஸ்துமஸ் மரம் என்று நர்சரியில் தரும் அராக்கேரியா தொட்டியில் முழங்கால் உயரம் இருக்கும். மண்ணில் வைத்தால் 20 மீட்டருக்கு மேல் போகும். மின்கம்பிக்கு அடியில் வைக்காதீர்கள், நுனியை வெட்டாதீர்கள். வெட்டினால் அதன் அடுக்குக் கோபுர வடிவம் திரும்ப வராது. தொட்டியிலேயே வைத்திருந்து ஆண்டுதோறும் அதே செடியை அலங்கரிப்பது நல்லது.

சவுக்கை ஊசியிலை மரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஊசி மாதிரி இருப்பது அதன் பச்சைத் தண்டு, கூம்பு மாதிரி இருப்பது காய். சவுக்கு பூக்கும் மரம். நெட்டிலிங்கமும் அப்படித்தான், சைப்ரஸ் மாதிரி ஒல்லியாக நிற்பதோடு சரி. பந்தல்காலுக்குச் சவுக்கை வெட்டும்போது பைனை வெட்டிய கவலை வேண்டாம்.

பைன் பலகை

செங்கம் சாலையில் புதிதாக வரும் காபிக் கடைகளிலும் வாடகை வீடுகளிலும் பெஞ்சும் அலமாரியும் பைன் பலகை. கப்பலில் சரக்கோடு வந்த பெட்டிகளையும் தட்டுகளையும் பிரித்து எடுத்தவை. மறுபடி பயன்படுத்துவது நல்ல காரியம், அதை மனமாரச் சொல்கிறேன்.

பலகையின் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கும். அதற்குப் பக்கத்தில் ஹெச்.டி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளுங்கள். எம்.பி. என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சு வாயு அடித்தது. அது கட்டிலுக்கும் வேண்டாம், சமையல் மேடைக்கும் வேண்டாம். முத்திரையே இல்லாவிட்டால் தோட்டத்து வேலிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பைனைக் கரையான் விரும்பித் தின்னும். மண்ணில் படாமல் கருங்கல் துண்டின் மேல் நிறுத்துங்கள், வேப்பெண்ணெய் பூசுங்கள். பெயிண்ட் அடித்த துண்டுகளை வெந்நீர் அடுப்பில் எரிக்காதீர்கள்.

மலை

1980-களில் இந்த மலை மொட்டைப் பாறையாகத் தெரிந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இன்று ஆசிரமத்தின் பின்வாசல் வழியாக ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறும்போது தலைக்கு மேல் நிழல் இருக்கிறது. வனத்துறையும், இங்கேயே தங்கி உழைத்த தொண்டர்களும், ஊர்க்காரர்களும் ஆண்டுக்கணக்கில் கன்று நட்டு, தண்ணீர் சுமந்து, கோடையில் தீத்தடுப்புக் கோடு வெட்டி உண்டாக்கிய நிழல் அது. மாசியிலிருந்து வைகாசி வரை மலைப்புல் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். பத்து வருடக் கன்று பத்து நிமிடத்தில் போய்விடும்.

கார்த்திகை தீபத்தன்று மலையேற அனுமதிச் சீட்டு கொடுத்த ஆண்டுகளிலும் கற்பூரமும் பட்டாசும் கொண்டுபோகத் தடைதான். 2024 டிசம்பர் 1 அன்று வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் இறந்த பிறகு, அந்த ஆண்டு பக்தர்களை ஏறவே விடவில்லை. உச்சியில் கொப்பரையில் எரிவது நெய். கீழிருந்து பார்த்தாலே அது நமக்கான தீபம். மலைப்பாதையில் சூடம் கொளுத்தும் ஒருவரைக் கண்டால் சண்டை போடாமல், "சாமி, கீழே ஏத்திக்கலாம், இங்க புல்லு பத்திக்கும்" என்று சொல்லுங்கள். நான் சொன்னவர்களில் பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

மலையில் பைன் நடலாமே, ஊட்டி மாதிரி இருக்குமே என்று நல்ல மனதோடு கேட்கும் அன்பர்கள் வருகிறார்கள். நடாதீர்கள். முதலில் இந்த வெயிலில் அது நிற்காது. நின்றால் இன்னும் மோசம். கொடைக்கானலில் 1906-இல் பிரையன்ட் தொடங்கிவைத்த பைன் காட்டுக்குப் போனவர்கள் தரையைப் பார்த்திருப்பார்கள்: பிசின் நிறைந்த ஊசிகள் மெத்தை மாதிரி கிடக்கும், அடியில் ஒரு செடி முளைக்காது. அந்த மெத்தை தீக்குக் காத்திருக்கும் விறகு. அங்கே சோலைக்காடுகளையும் புல்வெளிகளையும் மீட்க அந்நிய மரங்களை அகற்றும் வேலை நடக்கிறது. நடும் ஆசை இருந்தால், இங்கே நாற்றங்கால் நடத்துகிறவர்களிடம் கேட்டு, உசிலையோ இலுப்பையோ வெப்பாலையோ மழைக்கு முன்னால் நடுங்கள். அடுத்த கோடையில் வந்து அதற்குத் தண்ணீரும் ஊற்றுங்கள்.

திருவக்கரை

பௌர்ணமிக்கு வரும் பலர் திண்டிவனம் பக்கம் திருவக்கரை வக்கிரகாளியம்மனையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கோயிலை அடுத்து இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை காக்கும் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மண்ணில் புதைந்து கல்லான மரங்கள். சோனரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் 1781-லேயே இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். ஊர்க்காரர்கள் வக்கிராசுரனின் எலும்பு என்பார்கள். பூக்கும் மரங்களோடு ஊசியிலைக் கூட்டத்து மரங்களும் அங்கே உண்டு, போடோகார்ப் குடும்பம் என்று அடையாளம் கண்டிருக்கிறார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த நரம்பாலி இன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பச்சையாக நிற்கிறது. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே ஊசியிலைக் கூட்டத்து மரம் அது, இலை என்னவோ அகலம்தான்.

*செய்ய வேண்டியவை:* வெயிலுக்கு முன்னால் போங்கள். குழந்தைகளைக் கூட்டிப் போங்கள். கல்லின் ஓரத்தில் மரத்தின் நார் ஓட்டத்தையும், கிளை பிரிந்த கணுவையும் காட்டுங்கள். இன்னும் பழையதைப் பார்க்க ஆசையானால் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்குப் போங்கள்; எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் அறிவித்த கல்மரம் 18 மீட்டர் நீளத்தில் படுத்திருக்கிறது, டைனோசர் காலத்தது. நம் மாவட்டத்துச் சாத்தனூர் அணைக்குப் போய்த் தேடிவிடாதீர்கள்.

*செய்யக்கூடாதவை:* சின்னத் துண்டுதானே என்று பையில் போடுவது, விற்க வருபவரிடம் வாங்குவது, மேலே ஏறி நின்று படம் எடுப்பது. சாமிக் கல் என்று நினைத்து அதன் மேல் சூடம் ஏற்றுவதும் வேண்டாம். சூடு பட்டுப் பட்டுக் கல் விரியும், கரி ஏறி நார் ஓட்டம் மறையும். உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். காலையில் போனால் கல் குளிர்ந்திருக்கும்.